நான் அடைத்த ஓட்டை

புதன்கிழமை காலை காபி டம்ளரோடு வாசலுக்கு வந்தால், காரின் இடது ஹெட்லைட்டுக்குள் தண்ணீர் நிற்கிறது. ஆவி படிந்த மாதிரி லேசான ஈரம் என்றால்கூட ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இது அசல் தண்ணீர். கண்ணாடியின் கீழ் மூலையில் குட்டை கட்டி நிற்க, மேலிருந்து சொட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. மூன்று நாள் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் செலவழித்து அந்த விளக்கைக் கழற்றி, சூடு காட்டிப் பிளந்து, உள்ளே துடைத்து, சுற்றிலும் சிலிக்கான் வைத்து ஒட்டி மாட்டியவன் நான்தான். அதன் பிறகு பெய்தது செவ்வாய் இரவு ஒரே ஒரு மழை. திறப்பதற்கு முன்பு விளக்கு இதைவிட நன்றாகவே இருந்தது.

அதன் பிறகு இரண்டு வாரம் வேறு எதுவும் மண்டையில் ஏறவில்லை. ஆபீஸ் பார்க்கிங்கில் மற்றவர்கள் வண்டியின் விளக்குகளைக் குனிந்து குனிந்து பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. ஒருநாள் செக்யூரிட்டி அண்ணன் வந்து, "என்ன சார், எதாச்சும் விழுந்துடுச்சா?" என்று தேட ஆரம்பித்துவிட்டார். மாவு டப்பா மூடியைவிட இறுக்கமாக அடைத்த பொருளுக்குள் தண்ணீர் எப்படிப் போயிற்று? நான் விட்ட இடம் எது?

ஆரம்பம் ஒரு கரும்பு டிராக்டர். திருவண்ணாமலையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தோம். செஞ்சி தாண்டித் திண்டிவனம் போகும் சாலை, ராத்திரி ஒன்பதரை மணி, தூறல். முன்னால் கரும்பு ஏற்றிய டிரெய்லர் ஒன்று பின்விளக்கு இல்லாமல் போய்க்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு அது தெரிந்தபோது கரும்புத் தோகை பானெட்டைத் தொடும் தூரம். பிரேக் பிடித்தது, வண்டி வழுக்கவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மனைவி டாஷ்போர்டில் ஊன்றிய கையைத் திண்டிவனம் வரும்வரை எடுக்கவில்லை. ஒரு வார்த்தை திட்டவும் இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் செய்த முதல் காரியம் முட்டாள்தனம். வெளிச்சம் போதவில்லை என்றால் பல்பு சரியில்லை என்று நினைத்து, 60/55 வாட் எச்4 பல்பைக் கழற்றிவிட்டு 100/90 வாட் வாங்கிப் போட்டேன். சாலை அப்படியேதான் இருந்தது. எதிரே வருகிற அத்தனை பேரும் எனக்கு டிம் அடித்துக் காட்டினார்கள். யோசித்தால் காரணம் எளிது. எங்கள் வண்டி விளக்கின் முன்கண்ணாடி மங்கிப்போயிருந்தது. மங்கிய கண்ணாடி ஒளியை விழுங்குவதைவிடச் சிதறடிப்பதுதான் அதிகம். சாலையில் விழ வேண்டியது நாலாபக்கமும் தெறித்து எதிரே வருகிறவன் கண்ணுக்குப் போகிறது. பல்பின் வாட்டைக் கூட்டினால் அந்தத் தெறிப்பும் கூடும். அதோடு சட்டப்படியும் அது தப்பு. ஒரு வாரத்தில் பல்பு ஹோல்டரிலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது, பழைய பல்புக்கே திரும்பிவிட்டேன்.

அப்பாவின் விளக்கு

என் அப்பா கொஞ்ச காலம் அம்பாசிடர் ஓட்டினார். வட்டமான 7 அங்குல விளக்கு, அசல் கண்ணாடி. எதிரே வருகிறவருக்குக் கூசக்கூடாது என்று அதன் மேல் பாதியில் கறுப்புப் பெயிண்ட் அடித்திருப்பார்கள், பிற்பாடு அது சுருங்கி நடுவில் ஒரு கறுப்புப் பொட்டானது. அந்தக் கண்ணாடி உடையும், கீறல் விழும், ஆனால் மஞ்சளாகாது. அமெரிக்காவில் 1940 முதல் 1983 வரை சட்டமே அந்த மாதிரி விளக்குக்குத்தான் இருந்தது. சீல்டு பீம் என்பார்கள். இழை, பிரதிபலிப்பான், முன்கண்ணாடி மூன்றும் காற்றுப் புகாமல் ஒரே குடுவையாக மூடியது. ஃபியூஸ் போனால் மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டும். 1983-இல் அங்கே விதி மாறியது. பல்பை மட்டும் மாற்றிக்கொள்ளும் பிளாஸ்டிக் விளக்குகள் வந்தன. வண்டியின் முகத்தை இஷ்டத்துக்கு வளைக்கலாம், எடை குறைவு, கல் பட்டால் நொறுங்காது. இன்று நம் வண்டிகளில் நாம் கண்ணாடி என்று சொல்வதெல்லாம் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்தான். அதற்கு வெயில் ஆகாது. புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சளித்துச் சொரசொரப்பாகும். அதனால்தான் தொழிற்சாலையிலேயே மேலே ஒரு பாதுகாப்புப் பூச்சு கொடுக்கிறார்கள். சென்னை வெயிலில் தெருவில் நிற்கும் வண்டிக்கு அந்தப் பூச்சு எத்தனை வருடம் வரும் என்பதை எந்தத் தெருவிலும் நடந்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். எங்கள் வண்டிக்குப் பன்னிரண்டு வயது.

இந்தப் பழங்கதையை எதற்குச் சொல்கிறேன் என்றால், என் தலைக்குள் ஹெட்லைட் என்றால் அப்பாவுடைய அந்த மூடிய குடுவைதான். காற்றுப் புகக்கூடாது, நீர் புகக்கூடாது, மூடினால் மூடினதுதான். நான் செய்த தப்பு மொத்தமும் அந்தப் படத்திலிருந்து வந்தது.

உள்ளேயும் அழுக்கு இருந்தது என்பது உண்மை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வந்தபோது எங்கள் முடிச்சூர் தெருவில் என்ன ஆனது என்று இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வண்டியின் மூக்கு பள்ளத்தைப் பார்த்து நின்றது, அதிலும் இடது பக்கம் கால்வாய் ஓரம். ஸ்டார்ட் பண்ணாமல் கயிறு கட்டி இழுத்துப் போனதால் என்ஜின் பிழைத்தது. இன்சூரன்ஸ் படலம் தனி, அது இங்கே வேண்டாம். இடது விளக்கின் உள்பக்கம், கீழிருந்து மூன்று விரல் உயரத்தில், டீ டம்ளரில் படியும் கறை மாதிரி பழுப்பாக ஒரு கோடு நின்றுவிட்டது. வெள்ளம் அதுவரை உள்ளே ஏறி, வடிந்திருக்கிறது. வலது விளக்கில் அது இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை

விளக்கைத் திறக்க வேண்டும் என்றால் முதலில் பம்பரைக் கழற்ற வேண்டும். கழற்றினேன். 10-ஆம் நம்பர் போல்ட்டுகள், சில பிளாஸ்டிக் கிளிப்புகள். அதில் இரண்டு உடைந்தன, எல்லாருக்கும் உடையும் போல. கப்ளரைப் பிடுங்கி விளக்கை வெளியே எடுத்தாயிற்று. முன்கண்ணாடியையும் பின்பக்கக் கறுப்புக் கூட்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது பியூட்டைல் என்ற கறுப்பு ரப்பர் பசை. சூடு பட்டால் இளகும், ஆறினால் இறுகும், எத்தனை முறை வேண்டுமானாலும். சுமார் 100 டிகிரி சூட்டில் ஏழெட்டு நிமிடம் வைத்தால் பிரிக்கலாம் என்பது கணக்கு. அதிகமானால் ஆபத்து, 147 டிகிரிவாக்கில் பாலிகார்பனேட்டே இளக ஆரம்பித்துவிடும், பின்கூடு அதற்கு முன்பே கோணிக்கொள்ளும். (எல்லா விளக்கும் இப்படித் திறக்காது. சிலவற்றில் சூட்டுக்கு மசியாத பசை போட்டிருப்பார்கள், அதை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அந்த வேலைக்குப் போகாதீர்கள்.)

கேக் செய்யும் ஓடிஜி அடுப்பு வீட்டில் இருக்கிறது. அதைக் கேட்கவே எனக்கு இரண்டு நாள் தைரியம் தேவைப்பட்டது. கடைசியில் கேட்டு, முறைப்பை வாங்கி, சம்மதமும் வாங்கி, விளக்கைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனால், உள்ளே நுழையவே இல்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு சாண் வெளியே நிற்கிறது. "அளந்து பாக்க மாட்டீங்களா?" என்ற ஒரே கேள்வியோடு அடுப்பு மூடப்பட்டது. அப்புறம் மச்சானிடம் ஹீட் கன் இரவல் வாங்கி, மிக்ஸி வந்த அட்டைப்பெட்டிக்குள் விளக்கை வைத்து, பக்கவாட்டில் ஓட்டை போட்டுச் சூடு ஊதினேன். பத்து நிமிடத்தில் ஓரத்தில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்பியதும், பசை கறுப்பு நூலாக இழுபட்டுக்கொண்டு கண்ணாடி கையோடு வந்தது. பலாப்பழப் பால் மாதிரி அப்படியொரு பிசுபிசுப்பு. கையில் ஒட்டியது போக, பலாப்பழத்துக்குச் செய்கிற மாதிரியே தேங்காயெண்ணெய்தான் தேய்க்க வேண்டியிருந்தது. அந்த நிமிடம் எனக்கு இருந்த பெருமிதத்தைச் சொல்லி முடியாது. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

கண்ணாடியின் உள்பக்கத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவினேன், கறை முழுவதும் போயிற்று. தின்னரோ அசிட்டோனோ பக்கத்தில்கூட வரக்கூடாது, பாலிகார்பனேட்டில் விரிசல் விட்டுவிடும் என்று படித்திருந்ததால் அந்தத் தப்பைச் செய்யவில்லை. வேறொன்று செய்தேன். பின்கூட்டுக்குள் பளபளவென்று வெள்ளியாக இருக்கிறதே, அந்த ரிஃப்ளெக்டரிலும் கறை இருந்தது. ஈரத் துணியால் லேசாக, நிஜமாகவே லேசாகத்தான், தேய்த்தேன். கறையோடு வெள்ளியும் போனது. பழைய ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குச் சாம்பல் நிறத் திட்டு. அது உலோகத் தகடே கிடையாது. பிளாஸ்டிக்கின் மேல் வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படிய வைத்த அலுமினியம், கனம் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஊதினால் தூசி போகும், அதற்கு மேல் ஒன்றும் செய்யக்கூடாது. தெரிந்துகொண்டது தேய்த்த பிறகு.

அந்தத் துக்கத்தில்தான் மூடும் வேலைக்கு வந்தேன். இனி ஒரு சொட்டு உள்ளே போகக்கூடாது என்று ஒரு வைராக்கியம். பழைய பியூட்டைலைச் சுரண்டி எடுக்கப் பொறுமை இல்லை, அதன் மேலேயே பாத்ரூம் டைல்ஸுக்குப் போடும் சிலிக்கானைத் தாராளமாகப் பிதுக்கிக் கண்ணாடியை வைத்து அழுத்தினேன். வினிகர் வாடை வீடு முழுக்க. பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் கூட்டின் கீழே, தரையைப் பார்த்து வளைந்த குட்டி ரப்பர் குழாய் ஒன்று. சுண்டுவிரல் கனம், நடுவில் ஓட்டை, அதில் காய்ந்த சேறு. கண்டுபிடித்துவிட்டேன்! வெள்ளம் உள்ளே ஏறியது இது வழியாகத்தான். குழாயைப் பிடுங்கிவிட்டு அந்த ஓட்டையில் சிலிக்கானை நிரப்பினேன். மேலே இன்னொரு ஓட்டை இருந்தது, அதையும் விடவில்லை.

என் ஊகம் பாதி சரி. வெள்ளத்தன்று தண்ணீர் நிஜமாகவே அந்தக் குழாய் வழியாகத்தான் ஏறியிருக்கும். அப்படியிருந்தும் நான் செய்தது தப்பு.

புதுப்பேட்டை

குட்டை கட்டிய விளக்கைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு, சென்னையில் பழைய வண்டிப் பாகங்களுக்குப் பேர்போன புதுப்பேட்டைக்குப் போனேன். அங்கே ஒரு சந்தில் விளக்கு வேலை மட்டும் பார்க்கும் பெரியவர் இருக்கிறார் என்று மச்சான் சொல்லியிருந்தான். ஆறுக்கு எட்டு கடை. சுவர் முழுக்க ஹெட்லைட்டுகள் மண்டை ஓடு மாதிரி தொங்குகின்றன. நான் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன், கரும்பு டிராக்டரிலிருந்து. அவர் கேட்டதாகத் தெரியவில்லை. விளக்கை வாங்கினார், முன்பக்கத்தைப் பார்க்கவேயில்லை. நேராகத் திருப்பிப் பின்பக்கத்தைத் தடவினார்.

"இத யார் அடச்சது?"

"நான்தான் பாய்."

"எதுக்கு?"

"தண்ணி வருதுன்னு…"

அவர் சிரிக்கவில்லை, அதற்கு இன்றும் நன்றி. பிளேடு முனையால் என் சிலிக்கானை இரண்டு ஓட்டையிலிருந்தும் நோண்டி எடுத்தார். ஒரு ஓட்டையைக் கட்டைவிரலாலும், பல்பு வாயை உள்ளங்கையாலும் மூடிக்கொண்டார். பக்கத்திலிருந்த பையன் கண்ணாடி ஓரம் முழுக்கச் சோப்பு நுரையைத் தடவினான். சைக்கிள் டியூப் பஞ்சர் பார்க்கிற மாதிரிதான். பாய் இன்னொரு ஓட்டையில் வாயை வைத்து ஊதினார். மேல் மூலையில், கண்ணாடியும் கூடும் சேரும் இடத்தில், நுரை மெதுவாகக் குமிழ்விட்டது. "பாத்தீங்களா? பழைய பசை மேல சிலிக்கான் புடிக்காது சார், சும்மா ஒக்காந்துருக்கும். ஓட்டைய அடச்சீங்களா, லைட்டு மூச்ச இந்த மூலையில இழுக்க ஆரம்பிச்சிடுச்சு. அங்க மழத்தண்ணி நிக்குது. மூக்க அடச்சா வாயால இழுக்காதா?"

நான் அந்தக் கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். மூச்சு. ஹெட்லைட் மூச்சு விடும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் உவமை என்று நினைத்திருப்பேன்.

அன்று ராத்திரி பால்காரர் பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விளக்குக்குள் இருக்கும் காற்று ஐந்து லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரியில் இருந்தது, பல்பு எரிந்து 60 டிகிரி ஆகிறது. பள்ளியில் படித்த சார்லஸ் விதிப்படி கொள்ளளவு பத்தில் ஒரு பங்கு கூடும். அதாவது அரை லிட்டர் காற்று வெளியே போயாக வேண்டும். விளக்கை அணைத்ததும், மழையில் ஆறும்போது, அதே அரை லிட்டர் திரும்ப உள்ளே வந்தாக வேண்டும். பெரிய தண்ணீர் பாட்டிலில் பாதி அளவு காற்று, ஒவ்வொரு பயணத்துக்கும். அதை எந்தப் பசையாலும் நிறுத்த முடியாது. வழி கொடுத்தால் அந்த வழியாகப் போகும், இல்லையென்றால் இருப்பதிலேயே பலவீனமான இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். அதற்காகத்தான் அந்தக் குழாய். மழைத் தண்ணீர் ஏறாதபடி தரையைப் பார்த்து வளைந்தது. தெருவே குளமானால் அதுவும் என்ன செய்யும்? இப்போது வரும் சில வண்டிகளில் குழாய்க்குப் பதில் ஒரு மெல்லிய சவ்வு ஒட்டியிருப்பார்கள், காற்றை விடும், நீர்த்துளியை விடாது. 1969-இல் ராபர்ட் கோர் என்பவர் டெஃப்லானை வெடுக்கென்று இழுத்து நீட்டிக் கண்டுபிடித்த சமாச்சாரம், மழைக்கோட்டில் போடுகிறார்களே, அதே வகை.

பில்லின் மிச்ச இடத்தில் இன்னொரு கணக்கு. 30 டிகிரியில் ஈரம் முழுக்கத் தோய்ந்த காற்று ஒரு கன மீட்டருக்குச் சுமார் 30 கிராம் நீராவி வைத்திருக்கும். ஐந்து லிட்டருக்கு 0.15 கிராம். மூன்று சொட்டு, அவ்வளவுதான். ஆகவே மழைநாள் காலையில் கண்ணாடிக்குள் லேசாக ஆவி படிந்து, விளக்கைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் மறைந்தால், அது மூச்சுக்காற்றின் ஈரம். அதற்காக யாரும் பம்பரைக் கழற்ற வேண்டாம். பல வண்டிகளின் கையேட்டிலேயே இது இயல்பு என்று எழுதியிருக்கும், நாம்தான் படிப்பதில்லை. எல்இடி விளக்குகளில் முன்பக்கம் சூடு குறைவு என்பதால் மறைய இன்னும் நேரமாகும். குட்டை கட்டி நின்றால் மட்டும், அது காற்றிலிருந்து வந்ததல்ல, எங்கோ தண்ணீரே நுழைகிறது.

பாயின் பையன் என் சிலிக்கானைச் சுரண்டி எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அது சூட்டுக்கு இளகாது, அதன் பொருக்கு கொஞ்சம் மிஞ்சினாலும் மேலே வேறு எதுவும் ஒட்டாது. அந்த வினிகர் வாடை அசிட்டிக் அமிலம், மூடிய விளக்குக்குள் ரிஃப்ளெக்டர் வெள்ளிக்கு அது ஆகவே ஆகாது என்று அவன் ஒரு பக்கம் பாடம் எடுத்துக்கொண்டே சுரண்டினான். வயது இருபதுகூட இருக்காது. பள்ளம் சுத்தமானதும் புது பியூட்டைலைக் கயிறு மாதிரி உருட்டி வைத்து, சூடு காட்டி, கண்ணாடியை உட்கார வைத்து, நான்கு பக்கமும் கிளாம்ப் போட்டார்கள். சுவரில் தொங்கிய ஏதோ செத்துப்போன விளக்கிலிருந்து ரப்பர் குழாய் இரண்டு பிடுங்கி மாட்டினார் பாய். பசைக்கும் கூலிக்கும் காசு வாங்கினார், குழாய்க்கு வாங்கவில்லை. ரிஃப்ளெக்டர் திட்டைக் காட்டி ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டேன். "இதுக்கு மேல நீங்க அதத் தொடாம இருந்தா போதும்" என்றார்.

இன்னொன்றும் அங்கேதான் தெரிந்தது. முன்பக்க மங்கலுக்கு உள்ளே போகவே வேண்டியிருக்கவில்லை. 800, 1000, 2000 நம்பர் வாட்டர் பேப்பரை வரிசையாகத் தண்ணீர் ஊற்றித் தேய்த்து, பாலிஷ் போட்டு, மேலே புற ஊதாக் கதிரைத் தாங்கும் கிளியர் கோட் அடித்தார்கள். டூத்பேஸ்ட் வைத்தியம் செய்பவர்கள் கவனிக்க: தேய்த்தால் பளிச்சென்று ஆகும், உண்மை. ஆனால் தேய்க்கும்போது தொழிற்சாலைப் பூச்சில் மிஞ்சியதும் போய்விடும். மேலே பூச்சு கொடுக்காவிட்டால் சில மாதத்தில் முன்பைவிட மோசமாக மஞ்சளாகும். வலது விளக்குக்கு இதை மட்டும்தான் செய்தோம், திறக்கவில்லை. ராத்திரியில் இரண்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை, ஓடிஜி, அட்டைப்பெட்டி, உடைந்த கிளிப்புகள் எல்லாம் ஒரு பழுப்புக் கோட்டை அழிக்க. கரும்பு டிராக்டரை மறைத்தது அந்தக் கோடு அல்ல.

விளக்கை மாட்டிய அன்று இரவு எதிர்க் காலி மனையின் காம்பவுண்டுச் சுவருக்கு நேரே வண்டியை நிறுத்திக் கோணம் சரிபார்த்தேன். கழற்றி மாட்டினால் கோணம் மாறும், இதை விட்டுவிட்டால் எதிரே வருகிறவருக்குத்தான் தண்டனை. சுவர் 5 மீட்டர் தள்ளி என்றால், டிம்மில் ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்தைவிட 5 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். நம்மூரில் அந்த விளிம்பு இடது பக்கம் சற்று மேலே ஏறும், ஓரத்தில் நடந்து போகிறவர் தெரிவதற்காக. வலது சரியாக இருந்தது. இடது, முனையிலிருந்த முருங்கை மரத்துக்கு வெளிச்சம் போட்டுக்கொண்டிருந்தது. பின்னாலிருக்கும் திருகைத் திருகித் திருகி இறக்கினேன். மனைவி வாசற்படியில் நின்று, "இன்னும் கொஞ்சம், போதும், இல்ல அதிகமாயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் இரண்டு கோடும் ஒன்றாகச் சேர்ந்தன.

"அது என்ன, லெஃப்ட்ல அங்க மட்டும் மங்கலா இருக்கு?" என்றாள், சுவரைக் காட்டி.

சுவரில் பாசி என்றேன்.